மூடிய கார்டுக்குள் நுழைந்த கை

மேகலாவுக்கு,

புனேயில் வீடு பிடித்து, ஜன்னலுக்குத் திரையும் மாட்டிவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். சந்தோஷம். நீ ரயில் ஏறிய அன்று, மாப்பிள்ளை தண்ணீர் வாங்கப் போயிருந்த இடைவெளியில், பிளாட்பாரத்தில் என்னிடம் ஒன்று கேட்டாய். "அன்னிக்கு ஸ்டுடியோவுல ஏம்பா ஒண்ணுமே சொல்லாம எழுந்து போயிட்ட?" என்றாய். பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரும் வந்துவிட்டார், வண்டியும் கிளம்பிவிட்டது. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். இடது கையால் எழுதிப் பழகியவன் எழுத்து எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், பொறுமையாகப் படி. மாப்பிள்ளைக்கும் கன்னடத்தில் படித்துச் சொல். வேறு யார் கேட்டாலும் காட்டு. என்னைப் பற்றி ஒரு கதை இத்தனை வருஷம் ஊரெல்லாம் நடமாடியது. இதுவும் கொஞ்சம் நடமாடட்டும்.

நான் உனக்குச் சொல்லி வளர்த்த புத்திமதி ஒன்றே ஒன்றுதான். அவசரப்படாதே. சோறு சாப்பிடும்போது, சைக்கிள் பழகும்போது, பரீட்சைக்குக் கிளம்பும்போது எல்லாம் அதைத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு என் வலது கையைக் காட்டுவேன். கட்டைவிரலைத் தவிர மற்ற நான்கும் இல்லாத அந்தக் கைக்கு மேல் உதாரணம் வேண்டாம் அல்லவா. பள்ளிக்கூடத்தில் நந்தி மலைக்கு அழைத்துப் போன அன்று உனக்கு நினைவிருக்கும். பஸ் நகர்ந்துகொண்டிருக்கிறது, உன் சிநேகிதிகள் ஜன்னலிலிருந்து ஓடி வா என்று கத்துகிறார்கள், நீ நடந்தே போனாய். பஸ் போய்விட்டது. பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி வந்து, "நான் ஓடலப்பா" என்றாய். அழவில்லை. எனக்கு அன்று அவ்வளவு பெருமை. சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். நீ ஓடியிருக்கலாம் கண்ணு. ஓடியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

விபத்து நடந்தபோது நீ இரண்டாம் வகுப்பு. பீன்யாவில் நான் இப்போதும் வேலை பார்க்கிற தொழிற்சாலையில் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். காலால் பெடலை மிதித்தால் மேலே இருக்கும் அச்சு இறங்கித் தகட்டை வெட்டும், தானாக மேலே போகும். கை உள்ளே போகாமல் இருக்க முன்னால் ஒரு கம்பிவலைத் தடுப்பு இருக்கும். கார்டு என்போம். தூக்கலாம், இறக்கலாம். நான் அந்த மிஷினுக்கு மாறி அதிக நாள் ஆகவில்லை. அன்றைக்கு வெட்டிய துண்டு ஒன்று அச்சில் ஒட்டிக்கொண்டது. அதை எடுக்கக் கை நீட்டியது வரை எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. பிறகு ஒரு சத்தம். நான் பெடலை மிதிக்கவில்லை, மிஷின் தானாக இரண்டாம் முறை இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிதான். கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்தபோது அப்போதைய மேனேஜர் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். இதமாகத்தான் பேசினார். ஏன் இந்த அவசரம், கார்டைத் தூக்கிக் கம்பியால் கட்டிவிட்டு வேலை செய்யலாமா, கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா என்றார். விபத்து நடந்ததும் மிஷினிடம் போனவர்களெல்லாம் பார்த்திருக்கிறார்கள், கார்டு மேலே தூக்கிக் கட்டியிருந்ததாம். என் வாக்குமூலம் என்று அவர்கள் எழுதிக்கொண்டு வந்த தாளில் இடது கைப் பெருவிரலை வைத்தேன்.

சில மாதம் கழித்து வேலைக்குத் திரும்பிய அன்று முதலில் போய் அந்த மிஷினைத்தான் பார்த்தேன். அதே பச்சைப் பெயின்ட், அதே மாதிரி வலை. கார்டை இறக்கிப் பார்த்தேன். கீழே வரை வந்து உட்கார்ந்தது. விரல் நுனிகூட நுழையாது. அப்படியானால் நான்தானே தூக்கியிருக்க வேண்டும்? வேறு எப்படிக் கை உள்ளே போயிருக்கும்? அன்றைக்கு என் மனசு அடங்கிவிட்டது. அது மட்டுமல்ல, நாளாக ஆகக் கட்டியதே நினைவுக்கு வந்துவிட்டது. கண்ணுக்கு மிக அருகில் விரல்கள் ஒரு கம்பியை முறுக்குகின்றன, முறுக்கி இறுக்குகின்றன. அந்தக் காட்சியை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சாப்பிடும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் வரும். என் விரல்கள் கடைசியாகச் செய்த வேலை அது என்று எண்ணிக்கொள்வேன். கம்பெனி என்னை வெளியே தள்ளவில்லை, ஸ்டோரில் உட்காரவைத்தது. தப்பு செய்தவனுக்கு இவ்வளவு செய்கிறார்களே என்று நன்றியோடு இருந்தேன். பிரஸ் ஓடும் ஷெட்டுகளின் பக்கம் மட்டும் போகவே மாட்டேன். சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப்போடும்.

நீ ராஜாஜி நகரில் கம்ப்யூட்டர் அனிமேஷன் படிக்கப் போகிறேன் என்றபோது அது என்னவென்றே எங்களுக்குப் புரியவில்லை. மல்லேஸ்வரத்து ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா கேட்டாள் என்று நீதான் விளக்கினாய். ஒரு பொருளின் உருவத்தை முதலில் கம்ப்யூட்டருக்குள் கட்டவேண்டும், அது வெறும் சாம்பல் பொம்மை மாதிரி இருக்கும், பிறகு அதன்மேல் செங்கல், மரம், துரு என்று எதுவோ அதன் படத்தைத் தோல் மாதிரிப் போர்த்தவேண்டும், அதற்கு டெக்ஸ்சர் என்று பெயர் என்றாய். அதில் என்ன கஷ்டம் என்று கேட்டேன். "அளவுதான்பா கஷ்டம்" என்றாய். செங்கல் படத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிட்டால் ஒவ்வொரு செங்கல்லும் பீரோ அளவுக்குத் தெரியும், மாளிகை பொம்மை வீடாகிவிடும். "உருவம் லேசா தப்பா இருந்தாக்கூட கண்ணு விட்டுடும்பா. தோலோட அளவு தப்பா இருந்தா கண்ணு விடாது. ஏன்னு சொல்லத் தெரியாது, ஆனா இது பொய்னு கண்டுபிடிச்சிடும்." எனக்குச் சிரிப்புதான் வந்தது. படம் போர்த்துவதற்கெல்லாம் சம்பளமா என்று உன் அம்மா கேட்டாள்.

போன வருஷக் கடைசியில், கல்யாணப் பேச்சு முடிந்த கையோடு, உன் ஸ்டுடியோவுக்கு ஒரு வேலை வந்தது. என் கம்பெனியே கொடுத்த வேலை. வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றிக் கேள்வி கேட்கிறார்கள், அதனால் பிரஸ்ஸில் எப்படி ஜாக்கிரதையாக வேலை செய்வது என்று ஒரு படம் வேண்டும் என்றார்கள். அதை உன்னிடம் கொடுத்தார்கள். நீ காமிராவோடு எங்கள் ஷெட்டுகளுக்கு வந்தாய். ஸ்டோருக்கும் வந்து என் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு வாய் சாப்பிட்டாய். மகள் வந்திருக்கிறாள் என்று எல்லாரிடமும் சொன்னேன். மிஷினின் டிராயிங்கை கம்பெனி கொடுத்தது. ஆனால் மிஷினுக்குப் புதுப் பெயின்ட் அடித்துவிட்டிருந்ததால் படத்தில் பார்க்கப் பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது, எண்ணெயும் அழுக்குமாகப் பழைய தோல் வேண்டும் என்று நீ அலைந்தாய். அப்போதுதான் நம் வீட்டுச் சுவரிலிருந்த ஆயுதபூஜை போட்டோவை இறக்கினாய். விபத்துக்கு முந்தைய பூஜைக்கு எடுத்தது. மிஷினுக்கு வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டிருக்கும். கார்டின் கீழ் விளிம்பில் வலது கையை ஊன்றிக்கொண்டு நான் நிற்பேன். ஐந்து விரலோடும்.

அடுத்த வாரம் ஒருநாள் காலையில், நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, அம்மாவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தாய். "இடது கையை நீட்டுப்பா" என்றாய். உள்ளங்கையின் அகலத்தை அளந்தாய், நடுவிரல் நீளத்தை அளந்தாய். மாப்பிள்ளை வீட்டில் எனக்கு மோதிரம் போடப் போகிறார்களா என்று கேலி செய்தேன். நீ சிரிக்கவில்லை. சனிக்கிழமை அரைநாள்தானே, மத்தியானம் ஸ்டுடியோவுக்கு வா என்றாய்.

உன் மேஜைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாய். திரையில் என் மிஷின் நின்றது. எனக்கு உடனே உள்ளங்காலில் வேர்த்துவிட்டது. கம்பெனி டிராயிங்கின்படி கட்டியது இது, இதன் கார்டின்மேல் நம் வீட்டுப் போட்டோவிலிருந்த கார்டின் தோலைப் போட்டிருக்கிறேன் என்றாய். பார்த்தால் அந்த வலையின்மேல் என் கை கொடியில் தொங்கும் துணி மாதிரி நீண்டு கிடந்தது. வலையின் கட்டங்களும் சதுரமாக இல்லாமல் ஏணி மாதிரி இழுபட்டிருந்தன.

"என்னம்மா, என் கையைப் பேய்க்கை ஆக்கிட்ட" என்றேன்.

"நான் ஆக்கலப்பா. டிராயிங்ல கார்டு அவ்ளோ நீளம். போட்டோவுல அவ்ளோ நீளம் இல்ல. இதை அதுமேல பொருத்தணும்னா இழுத்தாத்தான் ஆகும். இழுத்தா உன் கை நீளுது. கை தப்பா இருக்க முடியாதுல்ல?"

பிறகு நீ இழுப்பை விட்டாய். என் இடது கையை அளந்த அளவுக்குப் போட்டோவிலுள்ள வலது கை வரும்வரை தோலைச் சுருக்கினாய். கை என் கையானது. அதே நொடியில் வலையின் கட்டங்களும் சதுரமாயின. அந்த வலை கடையில் விற்கும் ஒரு அங்குல வலை, கட்டங்களை நீ அளந்து காட்டினாய், ஒவ்வொன்றும் ஒரு அங்குலம்தான். கையும் சரி, வலையும் சரி. ஆனால் தோல் பாதியில் முடிந்துவிட்டது. அதற்குக் கீழே டிராயிங் கார்டு வெறும் சாம்பலாகத் தெரிந்தது. அந்தச் சாம்பல் பகுதி போட்டோவில் இல்லவே இல்லை, அங்கே வெறும் இடைவெளிதான் இருந்தது என்று சொல்லி, நீ அதை வெட்டி எடுத்தாய். அப்புறம் என் கை அளவில் ஒரு சாம்பல் கையை உருவாக்கி வைத்திருந்தாயே, அதைத் தள்ளினாய். கார்டு மூடியபடியே இருக்கிறது. கை அடியில் நுழைந்து, மணிக்கட்டு வரை, அச்சுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது.

"தூக்க வேண்டிய அவசியமே இல்லப்பா" என்றாய்.

என் காது அடைத்துக்கொண்டது. எதிரே ஒரு பையன் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஏதோ கார் படத்தில் மும்முரமாக இருந்தான். அவன் வாய் அசைவது தெரிகிறது, சத்தம் இல்லை. நான் சொன்னேன், உனக்கு நினைவிருக்கும்: "இல்லம்மா. நான்தான் கட்டினேன். எனக்கு ஞாபகம் இருக்கு." நீ திரையை ஒருமுறை பார்த்தாய். பிறகு, "அன்னிக்கு கார்டு மேல இருந்துச்சா கீழ இருந்துச்சான்னு எனக்குத் தெரியாதுப்பா. மூடியிருந்தாலும் கை உள்ள போகும். அதை மட்டும்தான் என்னால சொல்ல முடியும்" என்றாய். உன்னை நான் மெச்சிக்கொள்கிற இடம் அதுதான். எனக்காக ஒரு சொல்கூட நீ கூட்டவில்லை.

அதோடு விட்டிருந்தால் நான் உன்னோடு பேசியிருப்பேன். நீ இன்னொன்றையும் காட்டினாய். பூஜைப் போட்டோவில் என் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் வலை பிய்ந்து, அங்கே மட்டும் தடித்த கம்பியைக் குறுக்காகப் பற்றவைத்த ஒட்டு ஒன்று இருக்கிறது. அதே ஒட்டு, அதே கோணலோடு, நீ முந்தின வாரம் இரண்டாவது ஷெட்டில் எடுத்த போட்டோவிலும் இருந்தது. ஒன்றின்மேல் ஒன்றை வைத்தாய், பிசகாமல் பொருந்தியது. பழைய கார்டு காயலான் கடைக்குப் போகவில்லை. வேறு மிஷினில் மாட்டியிருக்கிறார்கள். அந்த மிஷினில் யாரோ ஒரு பெண் உட்கார்ந்து வேலை செய்கிறாள் என்று போட்டோவில் தெரிந்தது. அப்போதுதான் நான் எழுந்தேன். உன்மேல் கோபம் என்று நினைத்தாயா? உட்கார்ந்திருந்தால் உன் மேஜையிலேயே வாந்தி எடுத்திருப்பேன். அதுதான் உன் கேள்விக்குப் பதில்.

படியிறங்கி எந்தப் பக்கம் நடந்தேன் என்று சொல்லத் தெரியாது. கடைசியில் ஒக்கலிபுரத்தில் பாஷா பாயின் பஞ்சர் கடை முன்னால் நின்றேன். பாஷா பாய் அந்தக் காலத்தில் எனக்குப் பக்கத்து மிஷின் ஓட்டியவர். என் விபத்துக்கு அடுத்த வருஷம் வேலையை விட்டுவிட்டார். பக்ரீதுக்கு ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்வோம், அந்த நாளைப் பற்றி மட்டும் பேசியதில்லை. அவர் டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே கேட்டேன், அன்றைக்கு கார்டு மேலே இருந்ததா, கீழே இருந்ததா என்று.

அவர் தலை நிமிர்ந்து என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "கீழதான் இருந்துச்சு. உன் கை அடியில போய் மாட்டிக்கிச்சு. நான்தானே ஓடிவந்து அதைத் தூக்கினேன். தூக்கினா திரும்பத் திரும்ப விழுது. அதான் கம்பி போட்டுக் கட்டிட்டு உன் கையை வெளிய எடுத்தேன்" என்றார்.

மேகலா, அந்தக் கம்பியைக் கட்டியது பாஷா பாய். இத்தனை வருஷம் கண்ணுக்குப் பக்கத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்த விரல்கள் அவருடைய விரல்கள். என்னைக் காப்பாற்ற வந்த விரல்கள். அதை நான் செய்த குற்றம் என்று நினைத்துக்கொண்டே சோறு தின்றிருக்கிறேன். நான் அந்தக் கடை வாசலில், டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் வெள்ளி மோதிரம் போட்ட கையால் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். என் நினைவில் வருகிற விரல்களில் மோதிரம் இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. இன்றுவரை பிடிபடவில்லை.

விசாரணையில் அவர் இதையெல்லாம் சொல்லியிருக்கிறார். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "உனக்குத் தெரியும்னு நெனச்சேன் தம்பி. வேலை போயிடக் கூடாதுன்னுதான் நீ ஒத்துக்கிட்டன்னு நெனச்சேன். குடும்பஸ்தன், சின்னக் குழந்தை வேற. அதைக் கிளறி உன்னை ஏன் வெட்கப்படுத்தணும்னு வாயை மூடிக்கிட்டேன்." என்னை மதித்ததால் பேசாமல் இருந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணப் பத்திரிகை கொடுக்க உன் மாமா வீட்டுக்குப் போனோம். நான் சிரித்துப் பேசினேனா என்பதுகூட எனக்கு நினைவில்லை. திங்கட்கிழமை ஸ்டோர் சாவியை மேஜையில் வைத்துவிட்டு இரண்டாவது ஷெட்டுக்குப் போனேன். சத்தம் வழக்கம்போல என்னைத் தூக்கிப்போட்டது, ஆனாலும் நடந்தேன். ஒட்டுப் போட்ட கார்டு உள்ள மிஷினில் சாந்தம்மா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். உன் வயசுதான் இருக்கும். எழுந்திரு தாயி என்றேன். மெயின் சுவிட்சை அணைத்தேன், பெரிய சக்கரம் சுற்றி முழுக்க நிற்கும்வரை காத்திருந்தேன். கார்டை இறக்கி மூடினேன். மூடிவிட்டு, எனக்கு மிச்சம் இருக்கும் இடது கையை அதன் அடியில் விட்டேன். மணிக்கட்டு வரை போனது. உன் திரையில் போன மாதிரியே போனது. அந்தப் பெண் என்ன நினைத்தாளோ, என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள்.

மிஷின் நின்ற அமைதியில் மற்றவர்களும் கூடிவிட்டார்கள். யாரோ போய்ச் சொல்லி, வொர்க்ஸ் மேனேஜர் மூர்த்தி வந்தார். என் விபத்து நடந்த காலத்தில் அவர் புதிதாகச் சேர்ந்த இளம் இன்ஜினீயர். "ஏனு இது?" என்றார் கன்னடத்தில், என்ன இது என்று. நான் கையை எடுக்கவில்லை. கார்டு மூடியிருக்கிறது பாருங்கள் என்றேன். அவர் குனிந்து பார்த்தார். ஒட்டைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் வற்றுவதை நான் பார்த்தேன். என்னை நகரச் சொல்லிவிட்டுத் தன் கையை விட்டுப் பார்த்தார். அவருக்கும் போனது.

என்னைத் தன் அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார். "விபத்து நடந்த அன்று சாயங்காலமே கார்டை மாற்றச் சொன்னார்கள், மாற்றியது நான்தான், மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தபோது இருந்தது புதுசு, பழையதை ஸ்கிராப்புக்கு அனுப்பச் சொல்லியிருந்தேன், அது இங்கே வந்ததே எனக்குத் தெரியாது" என்றார். கடைசி விஷயத்தை நம்புகிறேன், அந்த முகம் நடிக்கிற முகமாக இல்லை. அப்படியானால் என்னை ஏன் இத்தனை வருஷம் குற்றவாளியாக உலவவிட்டீர்கள் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நிமகெ கொத்து அந்துகொண்டித்தே." உங்களுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். பாஷா பாய் சொன்ன அதே வார்த்தை. அவருக்குத் தெரிந்திருக்கிறது, இவருக்குத் தெரிந்திருக்கிறது, ஷெட்டில் அன்று இருந்த எத்தனை பேருக்குத் தெரிந்திருந்ததோ. எனக்குத் தெரியும் என்று எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். தெரியாத ஒரே ஆள் நான்தான், கை என்னுடையதாக இருந்தும்.

அன்று மத்தியானத்துக்குள் கேஸ் கட்டர் வைத்து அந்த கார்டைத் துண்டுதுண்டாக வெட்டினார்கள். நான் நின்று பார்த்தேன். சாந்தம்மாவை வேறு மிஷினுக்கு மாற்றினார்கள். எல்லா பிரஸ்ஸிலும் அளவு பார்த்தார்கள். கல்யாணத்துக்காக நீ வேலையை விட்ட பிறகு உன் ஸ்டுடியோக்காரர்கள் அந்தப் படத்தை முடித்துக் கொடுத்தார்கள், கேன்டீனில் போட்டுக் காட்டினார்கள். மூடிய கார்டுக்கு அடியில் அந்தச் சாம்பல் கை போவதுதான் முதல் காட்சி. அதை எடுத்துவிடச் சொன்னவர்களும் இருந்தார்களாம், மூர்த்திதான் இருக்கட்டும் என்றிருக்கிறார். படம் முடிந்ததும் அவர் எழுந்து, இந்தக் கை யாருடையது என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னார், இவர் எதையும் கட்டவில்லை என்றும் சொன்னார். அது எனக்குப் போதுமா? போதவில்லை. ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்த மேனேஜர் செத்துப் பல வருஷமாகிறது. அவரிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது, கேட்க வழியில்லை. மூர்த்தியை மன்னித்தேனா என்றால் தெரியாது. கல்யாணத்துக்கு வந்தார், சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். அவ்வளவுதான் முடிந்தது.

இதையெல்லாம் உன்னிடம் அப்போதே சொல்லாததற்குக் காரணம் கல்யாணம் மட்டுமல்ல. எனக்கு அது உள்ளே இறங்கவே இல்லை. இன்னும் சில சமயம் இறங்குவதில்லை. தாரை வார்க்கும்போது உன் கையை இந்தக் கையால் பிடித்தேனே, அப்போதும் உள்ளே ஒரு குரல், உன் அவசரத்தால் போன கை என்றது. உடனே இன்னொரு குரல், இல்லை என்றது. நீ குனிந்திருந்தாய். புரோகிதர் தண்ணீரை ஊற்று ஊற்று என்கிறார், நான் மரம் மாதிரி நிற்கிறேன். எல்லாரும் மகளைப் பிரிகிற துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆகவே கண்ணு, அந்த ஒரே புத்திமதியை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். வேண்டியபோது ஓடு. பஸ்ஸைப் பிடி. கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தரம் திரும்பிப் போய்ப் பார்க்கிறாயே, அதை விடு, அது உன் சுபாவமே அல்ல, நான் ஊட்டியது. அதற்குப் பதிலாக ஒன்றே ஒன்று சொல்கிறேன். உன்மேல் யாராவது ஒரு தப்பைச் சுமத்தினால், எவ்வளவு அன்பாகச் சொன்னாலும், உன் ஞாபகமே அதற்குச் சாட்சி சொன்னாலும், நீ அந்தத் தோலை அளந்து பார்த்த மாதிரி அளந்து பார். இழுத்தால்தான் பொருந்துகிறது என்றால் அது உன்னுடையது இல்லை. மாப்பிள்ளைக்கும் நான் சொன்னதாகச் சொல். உங்கள் இருவருக்குள்ளும் ஏதாவது மனஸ்தாபம் வந்தால், அவருக்குத் தெரியும் என்று நீயும், உனக்குத் தெரியும் என்று அவரும் சும்மா இருந்துவிடாதீர்கள். வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

நீங்கள் புறப்பட்டுப் போன பிறகு உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு வெளியே போனாள். ஸ்ரீராம்புரத்தில் நம் சந்தின் கடைசி வரை, அவள் அண்ணன் வீடு, மாவு மில்காரர் வீடு, என்னை அவசரக்காரன் என்று சொன்ன ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "எங்க வீட்டுக்காரர் கம்பி கட்டலையாம்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அவர்களில் பாதிப் பேருக்கு என்ன கம்பி என்றே புரிந்திருக்காது. திரும்பி வந்து உட்கார்ந்து மிச்ச வெங்காயத்தை உரித்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "அதனாலதான் இத்தனை வருஷமா உங்களுக்குக் கோபமே வரலையா?"

நான் திகைத்துப்போனேன். அப்படியொன்று இருந்ததே எனக்குத் தெரியாது. அவள் சொல்லச் சொல்லத்தான் யோசித்தேன். கண்டக்டர் சில்லறை தராவிட்டாலும், மழையில் கூரை ஒழுகி வீட்டுக்காரர் வராவிட்டாலும், நீ மார்க் குறைவாக வாங்கி வந்தாலும், எனக்கு யார்மேலும் கோபம் வந்ததில்லை. ரொம்ப நல்ல மனுஷன் என்று சொல்வார்கள். நல்லவன் எல்லாம் இல்லை. கோபப்படுகிற யோக்கியதை எனக்கு இல்லை என்று இருந்திருக்கிறேன்.

நேற்றுக் காலை வேலைக்குக் கிளம்பினேன். எதிர்வீட்டு ராஜு தன் ஸ்கூட்டரை நம் வாசற்படியை மறித்து நிறுத்தியிருந்தான், தினமும் நிறுத்துகிற மாதிரி. தினமும் நான் உடம்பை ஒடுக்கிக்கொண்டு தாண்டிப் போவேன். நேற்று தாண்டவில்லை. அங்கேயே நின்றேன். என் குரல்தானா என்று எனக்கே நம்பிக்கை இல்லாத ஒரு குரலில் சத்தம் போட்டேன். சந்து முழுக்க ஜன்னல்கள் திறந்தன. ராஜு பல் துலக்குகிற பிரஷ்ஷோடு ஓடி வந்து, அண்ணே அண்ணே என்று வண்டியை இழுத்துக்கொண்டு போனான். திரும்பிப் பார்த்தால் உன் அம்மா கரண்டியோடு வாசலில் நின்றுகொண்டிருக்கிறாள், கண்ணெல்லாம் தண்ணீர்.

"இன்னொரு தடவை சத்தம் போடுங்க, கேக்கறேன்" என்றாள்.

அன்புடன்,
அப்பா